ஒரே கையில் இரண்டு தொல்லை: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் நிணநீர் வீக்கமும் நரம்பு வலியும்

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு அந்தப் பக்கத்துக் கை கனக்கிறது. விரல் நுனி மதமதவென்று இருக்கிறது. மேல்கையின் உட்பக்கம் ரவிக்கை பட்டாலே எரிகிறது. போய்ச் சொன்னால் பல இடங்களில் கிடைப்பது ஒரே பதில்: "ஆபரேஷன் பண்ணின கைதானே, அப்படித்தான் இருக்கும்." கூடவே ஒரு வைட்டமின் மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, கையில் சுற்ற ஒரு கிரேப் பேண்டேஜ். மூன்று அறிகுறி, மூன்று மருந்து. கணக்கு நேராக வந்தாலும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

கனம், திசுக்களில் மிஞ்சும் நீரான நிணநீரின் வடிகால் அடைபட்டதால் வருவது. மதமதப்பும் எரிச்சலும் நரம்பு பாதித்ததால் வருவன. ஒரே கையில், ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவதால் எல்லாம் ஒரே நோய்போலத் தோன்றுகின்றன. பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் செய்தால் ஒன்றுக்குச் செய்வது மற்றதைக் கெடுக்கும். நரம்பு வலிக்குத் தரும் ப்ரிகாபலின் உடம்பில் நீர் கோக்கவைக்கக்கூடியது. வீக்கத்துக்குக் கட்டும் கட்டு இறுகினால், மரத்துப்போன விரலுக்கு அது தெரியாது. ஆகவே எது எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

தமிழ்நாட்டில் அடிக்கடி காணும் சிகிச்சை வரிசை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மார்பக அறுவையோடு அக்குள் கணுக்களை முழுதாக எடுப்பது, ஏ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் இரு மருந்துக் கீமோ நான்கு சுற்று, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு பாக்ளிடாக்சல் கீமோ ஊசி, அதன்பின் கரண்ட் வைப்பது என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு, கடைசியில் பல ஆண்டுகளுக்கு டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை. சிலருக்குக் கீமோ முதலிலும் அறுவை பிறகும் வரும். எந்த வரிசையானாலும் ஒவ்வொரு கட்டமும் கையில் தன் அடையாளத்தை விட்டுப் போகிறது.

வீக்கம் ஏன்

அக்குளில் ஏறத்தாழ 20 முதல் 30 கணுக்கள் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். கையிலிருந்து வரும் நிணநீர் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் வடிய வேண்டும். முழுதாக எடுத்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. நிணநீர் முதலில் வந்து சேரும் காவல் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது சுமார் 6 சதவீதம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான கணக்கு இது. அக்குளை அறுப்பதற்குப் பதில் கதிர்வீச்சு கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த அமரோஸ் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஐந்தாம் ஆண்டில் அறுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கும், கதிர்வீச்சு பெற்றவர்களில் 11 சதவீதம் பேருக்கும் வீக்கத்தின் அறிகுறி இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். உடல் பருமனும் கையில் வரும் கிருமித்தொற்றும் மேலும் கூட்டும்.

தேங்குவது வெறும் தண்ணீர் அல்ல. அதில் புரதம் நிறைய உண்டு. நீர் பிரியும் மாத்திரை தண்ணீரை மட்டும் வெளியேற்றும். புரதம் அங்கேயே நின்று மறுபடி நீரை இழுக்கும். நாளடைவில் திசு தடித்துக் கொழுப்பும் நாரும் படியும். அமுக்கினால் குழி விழும் வீக்கம் குழி விழாத கெட்டி வீக்கமாக மாறுவது இப்படித்தான். குழி விழும் கட்டத்தில் பிடித்தால் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம். யானைக்கால் நோய்க்குத் தரும் புழு மாத்திரையைச் சிலர் இதற்கும் கேட்டு வாங்குகிறார்கள். இங்கே புழு கிடையாது, அதனால் பயனும் கிடையாது.

டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து தரும் வீக்கம் வேறு சங்கதி. அது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வருவது. இரண்டு கால், இரண்டு கை, சில சமயம் வயிறு, நெஞ்சு என்று பொதுவாக வரும். அதைத் தணிக்கத்தான் ஊசிக்கு முந்தின நாளே தொடங்கி மூன்று நாள் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அறுவை செய்த பக்கத்துக் கை மட்டும் வீங்கினால் அது நிணநீர். இரண்டு கணுக்காலும் சேர்ந்து வீங்கினால் முதலில் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

வலி எங்கே இருக்கிறது

நரம்பு வலியைப் பிரிக்க ஒரு படம் போதும். கை, கால் உருவத்தை ஒரு தாளில் வரைந்து, எரிகிற இடத்தையும் மரத்த இடத்தையும் பேனாவால் நிழலிடச் சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

அக்குளிலிருந்து மேல்கையின் உட்பக்கம் வழியாக முழங்கைக்குச் சற்று மேல்வரை நிழல் விழுந்தால், அது விலா இடைவெளியிலிருந்து கைக்கு வரும் தோல் நரம்பு. அக்குளின் நடுவே ஓடுவதால் கணுக்களை எடுக்கும்போது இழுபடும், சில நேரம் அறுபடும். தொட்டால் மரப்பு, உரசினால் எரிச்சல், அவ்வப்போது சுருக்கென்று மின்னல். மரத்த இடம் மாதங்கள் போகப் போகச் சுருங்குவது உண்டு, முழுதாக மறையாமலும் போகலாம். மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் வலியை அறுவைக்குப் பிந்தைய நாள்பட்ட வலி என்கிறார்கள். இது அபூர்வமல்ல. டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனபின்பும் 47 சதவீதம் பேர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே வலிக்கிறது என்று சொல்பவரை மனப்பிரமை என்று அனுப்பிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டு பாதமும் இரண்டு கையும் நுனியிலிருந்து, காலுறை கையுறை போட்ட அளவில் நிழல் விழுந்தால் அது பாக்ளிடாக்சல். நரம்புச் செல்லின் உடல் முதுகுத்தண்டின் அருகே இருக்கிறது. அதன் இழையோ கால் விரல்வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். உணவும் பழுதுபார்க்கும் பொருளும் நுண்குழல்கள் என்ற தண்டவாளத்தின் மேல்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். பாக்ளிடாக்சல் புற்றுச் செல்லைக் கொல்வதே இந்த நுண்குழல்களை முடக்கித்தான். நரம்பிலும் அதே வேலையைச் செய்கிறது. நீளமான இழையின் கடைசி முனை முதலில் பட்டினி கிடக்கிறது, அதனால்தான் கால்விரல் முந்துகிறது. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் தொடை, இடுப்பு, முதுகெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலித்துச் சில நாளில் அடங்குவதும் இந்த நரம்பு உறுத்தலின் ஒரு வடிவமாகவே இப்போது கருதப்படுகிறது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, நள்ளிரவில் எழுப்பி, கையை உதறினால் சற்றுத் தணிந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. கை வீக்கமும் இதைச் செய்யும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரைகளும் செய்யும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் போட்டாலே பலருக்குக் குறையும்.

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் கயிறுபோல ஒன்று விறைத்து இழுத்தால் அது நரம்பே அல்ல. கடினப்பட்ட நிணக் குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும். பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் இரண்டு மாதத்துக்குள் தலைகாட்டும். மெதுவாக நீட்டும் பயிற்சியில் அவிழும். இதை இங்கே சொல்லக் காரணம், "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று கையை அசைக்காமல் வைத்துத் தோளையே இறுக வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். அப்போதுதான் சிக்கல் புரியும்.

டேப்பை எடுத்து அளப்பது

அளவு எடுக்க வேண்டிய முதல் நாள் அறுவைக்கு முந்தின நாள். அந்த அடிப்படை அளவு இல்லாவிட்டால், வலது கைப் பழக்கமுள்ளவருக்கு வலது கை இயல்பாகவே கொஞ்சம் பருத்திருப்பதைக்கூட நோய் என்று எண்ணிக் குழம்ப நேரும்.

தையற்காரர் டேப் போதும். மணிக்கட்டு எலும்பில் பேனாவால் ஒரு கோடு. அங்கிருந்து மேல்நோக்கி 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, அக்குள்வரை. டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இரண்டு கையிலும், ஒரே ஆள், ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில். ஒவ்வொரு சுற்றளவையும் அதே சுற்றளவாலேயே பெருக்கி (16 என்றால் 16 × 16), எல்லாவற்றையும் கூட்டி, 3.14-ஆல் வகுத்தால் கையின் பருமன் மில்லிலிட்டரில் வந்துவிடும். 4 சென்டிமீட்டர் இடைவெளிக்கு மட்டும் பொருந்தும் குறுக்குவழி இது.

உதாரணத்துக்கு நல்ல கையில் 16, 18, 21, 23.5, 24.5, 25, 26, 27.5, 29, 30. அறுவைப் பக்கக் கையில் 16.5, 19, 22.5, 25, 26, 26.5, 27.5, 28.5, 29.5, 30. எந்த இடத்திலும் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. "2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால்தான் வீக்கம்" என்ற பழைய விதிப்படி இந்தக் கையில் ஒன்றுமில்லை. பருமனைக் கணக்கிட்டால் நல்ல கை சுமார் 1,902, மற்றது சுமார் 2,064. வித்தியாசம் 162 மில்லிலிட்டர், எட்டரை சதவீதம். அறுவைக்கு முன் இரண்டு கையும் ஏறத்தாழ சமமாக இருந்தன என்றால் இது தெளிவான எச்சரிக்கை. 10 சதவீதம் தாண்டினால் நிணநீர் வீக்கம் என்றே பெயரிடுவார்கள். 5-க்கும் 10-க்கும் இடைப்பட்டதுதான் கைக்குள் அடங்கும் காலம். முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலானவை வெளிப்படுவதால், அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பது வீண் வேலை அல்ல.

மின்தடையை வைத்துத் திசுநீரை அளக்கும் கருவி டேப்பைவிடச் சீக்கிரம் பிடிக்கும். அப்படிப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து மேல்கைவரை போடும் அழுத்த உறையான ஸ்லீவை நாளுக்கு 12 மணி நேரம் நான்கு வாரம் போடச் சொன்ன பிரிவென்ட் ஆய்வில், நிரந்தர வீக்கத்துக்குப் போனவர்கள் 7.9 சதவீதம். டேப்பை வைத்துப் பிடித்த குழுவில் 19.2 சதவீதம். நம் ஊரில் அந்தக் கருவி எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் டேப்பை ஒழுங்காகப் பிடிப்பவர் இருந்தாலே பெரிது. அளவு ஏறுமுன் தெரியும் அறிகுறிகளும் உண்டு: ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் தடம் பதிப்பது, வளையல் மாலையில் கழற்ற வராமல் போவது, புறங்கையில் இரத்த நாளமும் விரல் முட்டியும் மங்கித் தெரிவது.

கட்டு, ஸ்லீவ்

வீக்கம் நிலைத்துவிட்டால் சிகிச்சை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு முதல் நான்கு வாரம்: தோல் பராமரிப்பு, மென்மையான நிணநீர் மசாஜ், பல அடுக்குக் கட்டு, கட்டோடு பயிற்சி. இரண்டாம் கட்டம் ஸ்லீவ், அது நீண்ட காலத்துக்கு. நான்கில் அதிக வேலை செய்வது அழுத்தம்தான். மசாஜை மட்டும் செய்துகொண்டு கட்டை விட்டால், காலையில் இறங்கியது மாலையில் ஏறிவிடும்.

மசாஜ் என்றதும் தைலம் போட்டு உருவிவிடுவது நினைவுக்கு வரும். நேர் எதிரானது இது. தோலை மட்டும் லேசாக நீட்டி விடும் அழுத்தம்தான். முதலில் கழுத்து, நல்ல பக்கத்து அக்குள், மார்பு, அப்புறம் மேல்கை, கடைசியில்தான் முன்கை, விரல். முன்னால் இடம் காலியாகாமல் பின்னாலிருந்து தள்ளிப் பயனில்லை. சூடான ஒத்தடமும் கூடாது. இரத்த ஓட்டம் கூடினால் கசிவும் கூடும்.

கிரேப் பேண்டேஜ் ஏன் ஆகாது? அது ரப்பர்போல நீளும் துணி. சும்மா இருக்கும்போதும் இறுக்கும், தசை வேலை செய்யும்போது நீண்டு இடம் கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: ஓய்வில் தளர்ந்து, அசைவில் எதிர்த்து நிற்கும் குறை நீட்சிக் கட்டு. தசை விரியும்போது அந்தக் கெட்டிச் சுவரில் மோதித்தான் நிணநீர் மேலே தள்ளப்படுகிறது. கட்டிய கையைப் பயன்படுத்தாமல் மடியில் வைத்திருப்பவருக்குப் பாதிப் பலன்தான்.

கட்டும் விதம் இது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, ஈரப்பதக் கிரீம் தடவி, பருத்திக் குழாய்த் துணியைக் கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டு மாட்டுவது முதல் வேலை. அடுத்து விரல்கள்: மெல்லிய காஸ் துணியால் நகத்தின் அடியிலிருந்து விரலிடுக்குவரை ஒவ்வொன்றாக, நுனி திறந்தே இருக்கும். அதன்மேல் பஞ்சு ரோல். முழங்கை மடிப்பிலும் உள்ளங்கைக் குழியிலும் இன்னொரு அடுக்கு கூடுதலாக. பிறகு 6 சென்டிமீட்டர் அகலக் கட்டு கைக்கும் மணிக்கட்டுக்கும், 8 முன்கைக்கு, 10 மேல்கைக்கு, ஒவ்வொரு சுற்றும் முந்தையதின் பாதியை மூடும்படி. முன்கையைச் சுற்றும்போது கையை மூடி முஷ்டி பிடித்திருக்க வேண்டும். தளர்த்திய கையில் கட்டினால் வேலை செய்யும்போது இறுகும். இழுவிசையை எல்லா இடத்திலும் ஒன்றாகவே வையுங்கள். மணிக்கட்டு ஒல்லி என்பதால் அதே இழுவையில் அங்கே அழுத்தம் தானாகவே கூடும், மேலே போகப் போகக் குறையும். அந்தச் சரிவுதான் தேவை. முடிச்சுக்குப் பிளாஸ்டர்; உலோகக் கிளிப் தோலைக் கீறும்.

கட்டி முடித்ததும் நகத்தை அமுக்கி விட்டால் இரண்டு நொடியில் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். விரல் விறுவிறுத்தால் பத்து நிமிடம் விரலை மடக்கி நீட்டிப் பார்த்து, நிற்காவிட்டால் அவிழ்த்துவிட வேண்டும். இந்த விதி உணர்ச்சி உள்ள விரலுக்குத்தான். பாக்ளிடாக்சலால் மரத்த விரல் புகார் சொல்லாது. அவர்களுக்கு முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்ப்பதே காவல்: நிறம், குளிர்ச்சி, நகம். இரவு கட்டோடு தூங்குமுன் வீட்டில் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. கீமோ ஓடும் மாதங்களில் மரப்பு அதிகமாக இருந்தால் பல அடுக்குக் கட்டைத் தள்ளிப்போட்டு லேசான ஸ்லீவோடு நிறுத்திக்கொள்வதும் தோல்வியல்ல, சரியான முடிவு.

ஸ்லீவைக் கை இறங்கிய பிறகே அளந்து வாங்க வேண்டும். வீங்கிய நாளில் வாங்கினால் வீக்கத்துக்கு அளவு தைத்ததாகிவிடும். ஜெர்மன் தர அளவில் முதல் வகுப்பு 18 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், இரண்டாம் வகுப்பு 23 முதல் 32. புறங்கை வீங்குபவருக்கு வெறும் ஸ்லீவ் போட்டால் நீர் கைக்குள் இறங்கித் தேங்கும். விரல் கையுறையும் சேர்த்து வேண்டும். காலையில் போட்டு இரவில் கழற்றுவது வழக்கம். எண்ணெயும் கிரீமும் இரவில் மட்டும், ஏனென்றால் அவை இழையைக் கெடுக்கும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் ஏறும். பொத்தான் போட முடியாத விரல்களுக்கு இது பெரிய உதவி. முழங்கையில் சுருண்டு மடிந்தால் அந்த மடிப்பே இறுக்குக் கயிறு. தினமும் கையால் துவைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். அதனால் இரண்டு வேண்டும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். சித்திரை வெயிலில் வியர்க்குரு வந்து ஸ்லீவைக் கழற்றி எறிபவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளே மெல்லிய பருத்திக் குழாய்த் துணி போட்டால் கொஞ்சம் தாங்கும்.

மருந்துச் சீட்டில் பார்க்க வேண்டியவை

பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் நரம்பு வலிக்கு எடுபடாது. எடுபடவில்லையே என்று அளவைக் கூட்டிச் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

கீமோவால் வந்த வலிமிகுந்த நரம்புப் பாதிப்புக்கு, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் ஒரே மருந்து டுலாக்செடின். 2013-இல் வெளிவந்த ஆய்வில் முதல் வாரம் 30 மி.கி., பிறகு 60 மி.கி. என்று கொடுத்துப் பார்த்தபோது, 59 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் வலி குறைந்தது. போலி மாத்திரை குழுவில் 38. மாயமருந்து அல்ல, ஆனால் கையில் இருப்பதில் இதுதான் நிரூபணம் உள்ளது. சாப்பிட்ட பின் எடுத்தால் குமட்டல் குறையும். திடீரென்று நிறுத்தக் கூடாது. எரிச்சலுக்கும் குத்தலுக்கும்தான் இது. வெறும் மரப்பு மாத்திரையால் போகாது.

டமாக்சிஃபென் எடுப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த மருந்து கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே முழு வீரியம் பெறுகிறது. டுலாக்செடின் அந்த நொதியை ஓரளவு தடுக்கும். மனச்சோர்வு மருந்துகளான பராக்செடினும் ஃப்ளூவாக்செடினும் பலமாகத் தடுக்கும். அவற்றைத் தவிர்ப்பதே வழக்கம். வென்லாஃபாக்சின் குறைவாகத்தான் தொடும் என்பதால் பலர் அதை எழுதுகிறார்கள். லெட்ரோசோல் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நரம்பு மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் மாத்திரைப் பட்டையையும் எடுத்துச் செல்வது இதற்காகத்தான்.

காபாபென்டினும் ப்ரிகாபலினும் அறுவை நரம்பு வலிக்கு அதிகம் எழுதப்படுகின்றன. சிலருக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் இரண்டுமே நீர் கோக்கவைக்கும், எடையும் கூட்டும். கோத்த நீர் பெரும்பாலும் கணுக்காலில் தெரியும். வடிகால் கெட்ட கையிலும் அது சேர்ந்துகொள்ளும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் கை அளவு ஏறினால், ஸ்லீவின் அழுத்தத்தைக் கூட்டுமுன் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. வீக்கம் ஏற்கெனவே உள்ளவருக்கு இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின், எரியும் தோலில் 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிடும் 5 சதவீத லிடோகைன் என்ற மரக்கவைக்கும் மருந்துப் பட்டை ஆகியவை கையைக் கனக்கவைக்காத வழிகள். ரவிக்கை பட்டால் எரியும் தோலுக்கு மருந்தில்லாப் பயிற்சியும் உண்டு: முதலில் பட்டுத்துணி, சில நாள் கழித்துப் பருத்தி, பிறகு துண்டு என்று ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை தடவித் தோலைப் பழக்குவது.

வைட்டமின் ஊசி பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். பி12 குறைவாக இருந்தால், முக்கியமாக சைவ உணவுக்காரர்களிடமும் நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளிடமும், போட்டே ஆக வேண்டும். இரத்தத்தில் அளவு சரியாக இருப்பவருக்கு வாரா வாரம் போடுவதில் பயன் நிரூபணமாகவில்லை. பி6 அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் அசிட்டைல்-எல்-கார்னிட்டின் மார்பகப் புற்றுநோய் கீமோவோடு கொடுத்துப் பார்த்த ஆய்வில் பாதிப்பைக் கூட்டியது.

ஊசி ஏறும் நாற்காலியில்

ஒரு மணி நேரம் ஏறும் பாக்ளிடாக்சலுக்கு, 15 நிமிடம் முன்பிருந்து 15 நிமிடம் பின்புவரை உறைகுளிர் கையுறையும் காலுறையும் போடும் முறை உண்டு. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கி விரல் நுனிக்குக் குறைந்த மருந்து போகும். 2018-இல் ஜப்பானியர் செய்த சிறு ஆய்வில் மரப்பு நன்றாகவே குறைந்தது. ஆனாலும் 2020 வழிகாட்டுதல் இதை உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றே சொல்கிறது. ஐஸ் பையை நேராகத் தோலில் வைத்தால் குளிர்ப்புண் வரும். இடையில் துணி வேண்டும். வீங்கிய கையில் இன்னும் கவனம்.

மரப்பை மறைப்பதுதான் பெரிய தவறு. கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் எட்டாவது ஒன்பதாவது ஊசிவரை வாயே திறப்பதில்லை. மருத்துவருக்குத் தேவைப்படுவது "மரக்குது" என்ற சொல் அல்ல. என்ன செய்ய முடியவில்லை என்ற விவரம். கொக்கி மாட்ட வரவில்லையா? நாணயம் எடுக்க வரவில்லையா? செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தீர்களா? இதை வைத்துத்தான் அளவைக் குறைப்பதா, ஒரு வாரம் தள்ளுவதா என்று முடிவு செய்கிறார்கள். வீட்டில் வெந்நீரைக் கையால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போது தடித்த துணி, நடக்கும்போது குதிகாலில் வார் உள்ள செருப்பு.

தூக்கலாமா, பிரஷர் பார்க்கலாமா

அறுவை முடிந்த மறுநாளே விரலை மடக்கி நீட்டுவதும் முழங்கையை மடக்குவதும் தொடங்கலாம். தோளை 90 பாகைக்கு மேல் தூக்குவது மட்டும் காயத்து நீரை வடிக்க வைத்த டிரெயின் குழாய் எடுத்த பிறகு. எடை தூக்கக் கூடாது என்ற பழைய தடையை 2009-இல் வெளிவந்த ஆய்வு உடைத்தது: கை வீங்கிய பெண்கள் வாரம் இருமுறை, மேற்பார்வையில், மிகச் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள், ஸ்லீவ் போட்டபடி. வீக்கம் கூடவில்லை, திடீர் மோசமாதல் பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதம், செய்தவர்களில் 14. ஆபத்து திடீர் பாரத்தில்தான். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் நிறைகுடத்தைத் தூக்குவது அப்படி ஒன்று. அரை கிலோவில் தொடங்கி, இரண்டு மூன்று முறை கை அமைதியாக இருந்தால் ஒரு படி ஏற்றலாம். இடையில் இரண்டு வாரம் விட்டுப்போனால் ஒரு படி இறங்கித் தொடங்க வேண்டும்.

பிரஷர் பட்டையும் ஊசியும் பற்றிய பயம் உண்மையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. 600-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016-இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வில் இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, விமானப் பயணம் ஆகியவற்றோடு வீக்கம் சேர்ந்து வரவில்லை. அக்குள் கணுக்களை முழுதாக எடுப்பது, அந்தப் பகுதிக்குக் கதிர்வீச்சு, தோல் தொற்று, அதிக எடை ஆகியவைதான் சேர்ந்து வந்தன. மற்றொரு கை இருக்கும்போது அதைக் கொடுங்கள். அவசரத்தில் இந்தக் கையும் கைதான்.

தொற்றுக்குப் பயப்படலாம், பயப்படவும் வேண்டும். மீன் முள், முள்செடியின் கீறல், நகக்கணுவை ஆழ வெட்டுவது, விரலிடுக்குச் சேற்றுப்புண் எல்லாமே வாசல். கழுவி, கிருமிநாசினி போட்டு, மறுநாள் பார்க்க வேண்டும். கை சிவந்து சுட்டு, சில மணியில் சிவப்பு பரவி, குளிர்க் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. கீமோ நடக்கும் காலத்தில் 100.4 பாரன்ஹீட் காய்ச்சலே அவசரம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது இரவு காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஓடும். வலியும் சிவப்பும் தணியும்வரை கட்டு, மசாஜ் இரண்டையும் நிறுத்திவையுங்கள்.

கட்டுவதற்கு முன் ஸ்கேன் கேட்க வேண்டிய கை

ஒன்றிரண்டு நாளில் கை முழுதும் வீங்கி, நீலம் பாரித்து, நெஞ்சில் இரத்த நாளங்கள் புடைத்தால், குறிப்பாகக் கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் அந்தப் பக்கமே இருந்தால், இரத்தம் உறைந்து குழாயை அடைத்த கட்டியாக இருக்கலாம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்குமுன் யாரும் கட்டுப் போடக் கூடாது.

பல மாதம் அமைதியாக இருந்த கையில் முதலில் கடும் வலி, பிறகு சுண்டுவிரல் பக்கம் மரப்பு, கைப்பிடி வலுக் குறைவு என்று வந்தால் தோளுக்கடியில் உள்ள நரம்புப் பின்னலில் நோய் திரும்பியிருக்கலாம். அதே பக்கத்துக் கண்ணிமை தொங்குவதும் காறை எலும்புக்கு மேல் கெட்டியாக ஒன்று தட்டுப்படுவதும் சந்தேகத்தைக் கூட்டும். கதிர்வீச்சே அந்தப் பின்னலைக் கெடுப்பதும் உண்டு. அது பெரும்பாலும் ஆண்டுகள் கழித்து, வலியைவிட மரப்பும் பலவீனமும் முந்த, மெல்ல மெல்ல வரும். வெளிப்பார்வைக்கு இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும். நாள்பட்ட வீக்கக் கையில் ஊதாநிறத் தழும்போ புடைப்போ புதிதாகத் தோன்றினால் களிம்பு போட்டுப் பார்க்காமல் திசுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.